கீழ்க்குரல்

எங்கள் அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ரெக்கார்டுப் பெட்டியும் எங்கள் கடையிலிருந்து மாட்டு வண்டியில் ஏறிப் போகும். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. இரண்டு பக்கமும் நெசவுக்காரர்கள். காலையில் தறிச் சத்தம் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை ஓயாது. அதற்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் எல்லோருமே கொஞ்சம் உரக்கத்தான் பேசுவோம்.

அப்பா அவ்வப்போது மெட்ராசுக்குப் போய் மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டுகளைக் கட்டாக வாங்கி வருவார். கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். அறுபதுகளின் நடுவில் வந்த ஒரு கட்டில் அந்த ரெக்கார்டு இருந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ ஈரத் துணியால் தேய்த்து அழித்திருந்தார்கள். பாட்டின் பெயரும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை.

"வெள்ளைக்காரங்க பாட்டு போல இருக்குது. இத யாரு கேக்கப் போறாங்க?" என்று அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குக் குழாய் கட்டப் போய்விட்டார்.

அக்காதான் அதை எடுத்துச் சுழலவிட்டாள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

முதலில் கிட்டார் மட்டும் வந்தது, குதிரை மெல்ல நடப்பது போல. அப்புறம் ஒரு கம்பி வாத்தியம் இழுத்து இழுத்து அழுதது. எந்த ஸ்வரத்திலும் நிற்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போயிற்று. மனிதத் தொண்டை என்றுதான் நினைத்தேன். சமையற்கட்டிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யாரு வூட்ல எழவு?"

"எழவு இல்லம்மா. பாட்டு," என்றாள் அக்கா.

பிறகு இரண்டு பெண்கள் பாடினார்கள். ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. ஒரே வார்த்தை, ஒரே மூச்சு, ஆனால் மெட்டு வேறு வேறு. நம் பாட்டில் இரண்டு பேர் பாடினால் மாற்றி மாற்றிப் பாடுவார்கள், இல்லாவிட்டால் ஒரே மெட்டில் சேர்ந்து பாடுவார்கள். இப்படி ஒருத்தியின் நிழல் மாதிரி இன்னொருத்தி கூடவே வருவதை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அக்கா ஒரு காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, தலையைத் தரைப்பக்கம் சாய்த்து, கீழே போகிற குரலை மட்டும் பிடிக்கப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் மறுபடி முள்ளை வைத்தாள். அன்று எத்தனை தடவை கேட்டோம் என்று தெரியாது. சாயங்காலத்துக்குள் மேல் குரல் எனக்கும் கீழ்க்குரல் அக்காவுக்கும் வந்துவிட்டது. இங்கிலீஷ் வார்த்தைகள் எங்களுக்குப் புரியவில்லை. காதில் விழுந்த சத்தத்தை அப்படியே சொன்னோம்.

மேல் குரல்தான் பாட்டு. அதை யாரும் ஒருதரம் கேட்டால் பாடிவிடலாம். கீழ்க்குரல் அப்படி இல்லை. தனியாகக் கேட்டால் அதற்கு உருவமே கிடையாது. ஓரிடத்தில் நிற்கும், திடீரென்று இறங்கும், நடுவில் சும்மா இருக்கும், பிறகு எங்கிருந்தோ தொடங்கும். நான் பலமுறை முயன்றேன். நாலாவது வரிக்குள் என்னை அறியாமல் மேல் குரலுக்கு ஏறிவிடுவேன். அக்கா சிரிப்பாள். நான் எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே என் மணிக்கட்டு எலும்பில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டு இல்லாமல் எனக்குப் பாட வராது என்கிற அளவுக்குப் பழகிப்போனது.

அந்தப் பங்குனியில் ரெக்கார்டு போய்விட்டது. அப்பா தவறுதலாகக் கல்யாணப் பெட்டியோடு எடுத்துப் போயிருக்கிறார். பந்தலுக்கு வெளியே வெயிலில் கிடந்து, பொரித்த அப்பளம் போலச் சுருண்டு வந்தது. அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "போவட்டும், நம்மகிட்டதான் இருக்குதே," என்றாள்.

அப்பா மைக் சோதிக்கும்போது எங்களைப் பாடச் சொல்வார். ஹலோ ஹலோ என்று கத்துவதைவிட இது தெருவுக்கு நல்லது என்பது அவர் எண்ணம். அப்படி ஒருநாள் பாடும்போது வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் நின்றார். அக்கார்டியன் வாசிக்கிறவர். ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கிறிஸ்தவர், ஊரில் ஒரு மெல்லிசைக் குழு நடத்திவந்தார். நாங்கள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம்.

"இது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?" என்றார்.

ரெக்கார்டு கதையைச் சொன்னோம். அவர் சின்ன வயதில் படித்த மிஷன் பள்ளியில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இதே பாட்டைக் கிட்டாரில் பாடுவாராம். ஆண் குரல், தனியாக, இன்னும் மெதுவாக, வேறு வார்த்தைகளோடு.

"அவங்க ஊரு நாட்டுப்புறப் பாட்டுமா இது. நம்ம தெம்மாங்கு மாதிரி. யாரு கட்டினதுன்னே தெரியாது. ஆளாளுக்கு ஒரு மாதிரி பாடி ரெக்கார்டு போட்டுக்கினே இருக்காங்க."

"இன்னா அர்த்தம் மாஸ்டர்?" என்றாள் அக்கா.

அவர் கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி ஆத்துக்கு அந்தப் பக்கம் பூட்டா. அங்க நின்னுக்கினு இந்தப் பக்கம் இருக்கறவளக் கூப்பிடறா. அந்தப் பக்கம்னா… புரியுதில்ல? துக்கப் பாட்டுமா. கல்யாணத்துல பாடற பாட்டு இல்ல."

"வார்த்தைய மாத்திட்டா கல்யாணப் பாட்டு," என்றாள் அக்கா.

மாற்றியும் விட்டாள். கருட சேவை பார்க்கப் போகும் இரண்டு பெண்கள் கூட்டத்தில் பிரிந்து, மறுபடி சேர்வதாகத் தமிழில் கட்டினாள். தறிச் சத்தத்துக்கு நடுவில் அரிசி புடைத்துக்கொண்டே கட்டிய பாட்டு அது.

*முன்னே நீ போடி, கூட்டத்தில் நான் வருவேன்,*
*கைவிட்டுப் போனாலும் குரல்கேட்டு நான் வருவேன்.*

மாஸ்டர் எங்களைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் இதை ஒருமுறை பாடுவோம். சுற்றுவட்டாரத்தில் எங்களுக்கு 'ரெட்டைக்குரல் பொண்ணுங்க' என்று பெயர் வந்தது. ஒரு கல்யாணத்தில் கேட்ட பேண்டு செட் கிளாரினெட்காரர் அந்த மெட்டைத் தூக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசிக்கத் தொடங்கினார், ஓட்டமாக, குதிரை பாய்வது போல. மாஸ்டர் தன் சபையின் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அதே மெட்டைப் போட்டார். கேட்ட இடத்தில் எல்லாம் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எல்லோரும் எடுத்துக்கொண்டது மேல் குரலை மட்டுமே. கீழ்க்குரலைப் பிடிக்க மாஸ்டரே முயன்றார். "என் வெரலுக்கு வரமாட்டேங்குது," என்று விட்டுவிட்டார்.

அக்காவுக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் பார்க்கிறவர். அதிகம் பேசாத மனிதர். நான் மாமா என்று கூப்பிடுவேன். மில்லுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. கச்சேரி இருந்தால் அவரே அக்காவை பஸ் ஏற்றி அனுப்புவார். முன்வரிசையில் உட்காராமல் பந்தல் ஓரமாக நின்று கேட்பார்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். சரியாகவில்லை. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும்போது கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன. யாரைப் பார்த்தாலும் அடையாளம் தெரியவில்லை. ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடியபடியே அவள் முனகினாள். வலியில் முனகுகிறாள் என்று குனிந்தேன். கீழ்க்குரல். இறங்கி, நின்று, சும்மா இருந்து, மறுபடி தொடங்கியது. நான் மெல்ல மேல் குரலைச் சேர்த்தேன். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வந்த நர்ஸ் சொல்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு பாதியில் நின்றது. அக்கா தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் இப்படி நடந்தால் என்ன பேச்சு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெரியப்பா தொடங்கினார். "சின்னதும் கல்யாணத்துக்கு இருக்குது. மாப்பிள்ளையும் தங்கமான புள்ள. வெளிய எதுக்குப் போவணும்?"

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு வேண்டும், வேண்டாம் என்று எதுவும் தோன்றவில்லை. மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"வேணாங்க," என்றார்.

"ஏம்பா? பொண்ணுக்கு இன்னா கொற?"

"கொறயெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு வாயத் தொறந்தா அவ பேசற மாதிரியே இருக்குது. அவ எங்க, அவ எங்கன்னு நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு இருப்பேன். பயமா இருக்குதுங்க."

பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வருஷம் திரும்பிய பிறகு மாஸ்டர் என்னை மறுபடி பாடக் கூப்பிட்டார். ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணம், மாலை வரவேற்பு. சினிமாப் பாட்டுகள் பாடி முடித்தபோது கூட்டத்திலிருந்து யாரோ "கருட சேவைப் பாட்டு" என்று கேட்டார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தனியாக, மேல் குரல் மட்டும் பாடினேன். இரண்டாவது வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது போல இருந்தது. பழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு பாடினேன். மாஸ்டரின் அக்கார்டியன் நடுவில் நின்றுபோனது. நான் திரும்பவில்லை. வாத்தியம் இல்லாமலே பாடி முடித்தேன்.

கீழே இறங்கியதும் கல்யாண வீட்டுப் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்பார்வை மங்கியவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டு பேரும் ரொம்ப நல்லா பாடினீங்கம்மா. இன்னொரு பொண்ணு எங்க?"

"நான் மட்டும்தாங்க பாடினேன்."

"போம்மா. எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது நல்லா இருக்குது."

பக்கத்தில் நின்ற அவருடைய மகள், "எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சி," என்றாள். "ஆர்மோனியம் மாதிரி எதுனா கூட வெச்சிருந்தீங்களா?"

மாஸ்டர் அக்கார்டியனைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். "ஏன் மாஸ்டர் நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"வாசிக்க எடம் இல்லம்மா," என்றார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் சபையிலிருந்து டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ட்ரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தது, மேலே இரண்டு பெரிய சக்கரம். மத்தியானம், எங்கள் கடையில் வைத்து, அப்பா பக்கத்தில் இருக்க, நான் அந்தப் பாட்டைப் பாடினேன். மாஸ்டர் வாசிக்கவில்லை. பிறகு சக்கரத்தைப் பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டோம்.

ஒரு குரல்தான் இருந்தது. என் குரல். பின்னால் பக்கத்து வீட்டுத் தறி.

மாஸ்டர் பெருமூச்சு விட்டு, "நமக்குத்தான் காதுல நின்னுபோச்சி போல," என்றார். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அவருக்கு அது ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே எது என்று தெரியவில்லை. டேப்பில் இன்னொரு குரல் இருந்திருந்தால் நடுங்கியிருப்பேன். இல்லை என்றதும் அக்கா இரண்டாம் முறை போனது போல இருந்தது. அந்தப் பாட்டை இனி கச்சேரியில் பாடுவதில்லை என்று மாஸ்டரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார்.

மாமாவுக்குத் திருப்புட்குழிப் பக்கம் நிலபுலம் உள்ள ஒரு குடும்பத்தில் பெண் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு அப்பாவும் நானும் போனோம். அம்மா வரவில்லை. ஊர்வலத்தில் பேண்டு செட்காரர்கள் எங்கள் மெட்டைத்தான் வாசித்தார்கள். அவர்களுக்கு அது ஒரு மாப்பிள்ளை ஊர்வலப் பாட்டு, வேறொன்றும் தெரியாது. காரில் உட்கார்ந்திருந்த மாமா டிரைவரின் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து கிளாரினெட்காரரிடம் ஏதோ சொன்னார். வேறு பாட்டுத் தொடங்கியது. மறுபடி போய் ஏறிக்கொண்டார். பக்கத்தில் இருந்த புதுப்பெண் மாலையை ஒதுக்கி அவருக்கு இடம் விட்டாள்.

அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள். கல்யாணமாகி வீட்டுக்குள் வந்ததும் முதலில் அக்கா படத்துக்குப் பூ வைத்துக் கும்பிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவை அம்மா என்றே கூப்பிடுவாள். அவளோடு கோபித்துக்கொள்ள யாராலும் முடியாது. அம்மா மட்டும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள்.

அவளுக்கு வளைகாப்பு வந்தது. அம்மா ஒரு புடவையும் கண்ணாடி வளையலும் எடுத்துக் கொடுத்து என்னை மட்டும் அனுப்பினாள். ஒரு நாள் முன்னதாகவே போனேன். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே நெல் அவிக்கிற வாசனை வரும். மில் பக்கம் நெருங்க நெருங்க இன்ஜின் சத்தம் காலடியில் அதிரும். அக்கா இருந்தபோது வந்ததற்கும் இப்போதைக்கும் அந்த வீட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. அதே ஓடு, அதே அடுப்பு. மாமா மில்லில் இருந்தார். அவள் அடுக்களையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை துடைக்கத் தொடங்கினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு மில் நின்றது. இன்ஜின் ஓடும்போது நாம் அதைக் கேட்பதில்லை. நிற்கும்போதுதான் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிகிறது. காதுக்குள் பஞ்சு வைத்தது போல ஆகிவிட்டது. அந்த அமைதியில் அடுக்களையிலிருந்து முனகல் வந்தது.

ஓரிடத்தில் நின்றது. இறங்கியது. சும்மா இருந்தது. பிறகு எங்கிருந்தோ தொடங்கியது.

எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றேன். அவள் முதுகு தெரிந்தது. அரிவாள்மணையில் பூசணியை வைத்து அரிந்தபடியே கீழ்க்குரலைப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு இடம்கூடப் பிசகவில்லை.

"இத எங்க கத்துக்கின?" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

திரும்பினாள். "எதக்கா?"

"இப்ப முனகுனியே."

"ஓ, அதுவா? இந்த வூட்ல கேட்டுக்கினே இருக்குதேக்கா."

அடுப்பைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள்.

"யாரு பாடறது?"

"தெர்ல. மில்லு நின்ன உடனே கேக்கும். மொதல்ல பக்கத்து வூட்டு ரேடியோன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அவங்க வூட்ல ரேடியோவே கெடயாது."

"பயமா இல்லியா?"

"எதுக்கு? அது பாட்டுக்குப் பாடுது. ஒண்ணும் பண்லியே." அரிவாள்மணையில் ஒட்டிய பூசணி விதையை விரலால் வழித்தாள். "வார்த்த கெடயாதுக்கா. ம்ம்னு மட்டும். ஆனா நிறுத்தி நிறுத்திப் பாடுது. யாருக்கோ எடம் வுட்டு வுட்டுப் பாடற மாதிரி."

அக்கா குழுவில் பாடியதே அவளுக்குத் தெரியாது. மாமா சொன்னதில்லை. படத்தில் இருப்பவள் எப்படிச் செத்தாள் என்பது தெரியும், எப்படி இருந்தாள் என்பது தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தபோது பின்வாசலில் நிழல் விழுந்தது. மாமா சாப்பிட வந்திருந்தார். முகத்திலும் முடியிலும் உமித்தூசி. நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார்.

"எனக்குக் கேக்கறதில்லம்மா," என்றார் என்னைப் பார்த்து.

பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"மில்லு நின்ன உடனே ஓடியாறேன். தெனமும். வந்து இப்படிக் கதவாண்ட உக்காந்துக்கினு இருப்பேன். எனக்கு ஒண்ணும் கேக்காது. இது பாட்டுக்குக் கறி அரிஞ்சிக்கினே கூட முனகும். இது வாயிலேர்ந்து வரத மட்டும் கேட்டுட்டுப் பூடுவேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதற்காகத்தான் அவர் தினமும் ஓடி வருகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் கொஞ்சம் வாடியது. அரிந்த பூசணியைச் சட்டியில் தள்ளிவிட்டு என்னிடம் கேட்டாள்:

"மீதி உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"பாடுங்களேன். நானும் பாடறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. பானையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தொடங்கினாள். நான் எனக்குரிய இடத்தில் நுழைந்தேன்.

நாங்கள் பாடியது பழைய வேகத்தில் இல்லை. அவள் மெதுவாகப் பாடினாள், பிள்ளையைச் சுமக்கிறவள் மூச்சில் பாடுவது போல. நான் தமிழ் வார்த்தைகளைச் சொன்னேன். அவள் ம்ம் என்று மட்டும் கூட வந்தாள். அவள் குரல் அக்கா குரல் மாதிரியே இல்லை. அக்காவுக்குக் கொஞ்சம் கரகரப்பு, இவளுக்குத் தேங்காய்ப்பால் மாதிரி ஒரு வழவழப்பு. ஆனால் இரண்டு மெட்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது அடுக்களையில் அடுக்கியிருந்த பித்தளைத் தவலைகளில் ஒன்று மெல்ல ரீங்கரித்தது. என்னால் அவளைப் பார்த்துப் பாட முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பாடினேன். குரல்கேட்டு நான் வருவேன் என்கிற இடம் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரும் என்னைத் தொடவில்லை. மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் நானே வாங்கிக்கொண்டேன்.

முடிந்தது. வெளியே குருவிகள் நெல் பொறுக்கும் சத்தம் கேட்டது.

"இதான் மீதியா?" என்றாள் அவள். "இத்தினி நாளு இதுக்குத்தான் எடம் வுட்டுக்கினு இருந்துச்சா?"

மாமா எழுந்தார். சாப்பிடவில்லை. தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "இப்ப கேட்டுச்சிமா," என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். எதைக் கேட்டார் என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் நலங்கு வைத்து வளையல் போட்டார்கள். நான் போட்டபோது அவள் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டாள். அன்று மாலையே ஊர் திரும்பினேன். அம்மா வாசலிலேயே காத்திருந்தாள்.

"எப்படி இருக்கறா?" என்றாள்.

"நல்லா இருக்கறாம்மா," என்றேன். யாரைக் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளை பிறந்து சில மாதம் கழித்து, குழந்தைக்குக் காமாட்சியம்மன் கோயிலில் முடி இறக்கிவிட்டு, அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. அம்மா அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசினாள். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, "நீ ஏன் இப்படி இளைச்சிட்ட?" என்று கேட்டாள்.

நான் காபி போடப் போனபோது அவள் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தாள்.

"அன்னிக்கப்புறம் கேக்கலக்கா," என்றாள்.

"எப்பவுமே?"

"ஒருதரம்கூட. நானும் மில்லு நின்னா கொஞ்ச நேரம் கையில இருக்கற வேலய நிறுத்திட்டு நிப்பேன். வராது. நானா பாடிப் பாக்கலாம்னா நாலு வரிக்கு மேல எனக்குத் தெரியல. அன்னிக்கு எப்படிப் பாடினேன்னே தெரியல."

"மாமா?"

"அவரு இப்பல்லாம் சாப்பாட்டுக்கு வராரு, சாப்பிடறாரு, போறாரு. நல்லாத்தான் இருக்காரு. குழந்தய வெச்சிக்கினு நல்லா பேசறாரு." கூடத்தில் குழந்தை சிணுங்கியது, அம்மா ஏதோ கொஞ்சினாள். "உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா? அது இருந்தப்ப எனக்குப் பயமே இல்லக்கா. யாரோ தொணைக்கு இருக்கறாங்கன்னு இருக்கும். இப்பதான் வூட்ல தனியா இருக்கப் பயமா இருக்குது."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன், அவள் பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ கேட்கிறாள் என்று. அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னது. அப்பா கடையில் ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்கிப் போகாத ஒரு டிரான்சிஸ்டரை எடுத்து, புது செல் போட்டு, குமிழைத் திருகி, மெட்ராஸ் ஸ்டேஷன் வருகிறதா என்று பார்த்தார். விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் யாரோ பூச்சி மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அதை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுவரை நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். வாலாஜாபாத் பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடிக்கடி வாங்கக்கா, மத்தியான நேரமா பாத்து வாங்க," என்றாள்.